சிப்பிக்கொடியும் வெளியூர்க் கால்களும்

எங்கள் முத்தன்விளையில் ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வது வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம். தேரி என்கிற செம்மணல்மேட்டில் தவழ்ந்து, சோற்றோடு பாதி தேரிமணலையும் தின்று வளர்ந்த நாங்கள் காலைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வோம். விடியற்காலையில் சிவப்பாக மெத்தென்று கிடக்கிற மணலில் ஒரு தடம் விழுந்திருந்தால் போதும், போனது யார், எந்தப் பக்கத்து இடுப்பில் குடம் இருந்தது, வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனாரா சமாதானமாகப் போனாரா, பெண்ணாக இருந்தால் இது எத்தனையாவது மாதம் என்பது வரைக்கும் சொல்லிவிடுவோம். பெண் பார்க்க வருகிறவர்கள் இங்கே பெண்ணைப் பாடச் சொல்வதில்லை. முற்றத்து மணலில் ஒரு நடை நடக்கச் சொல்வார்கள், மாப்பிள்ளையின் அம்மா குனிந்து தடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் மற்ற பேச்சு. என் தடத்தைப் பார்த்த என் மாமியார், "குதிகால அமுத்தி வைக்கா, வாய் கொஞ்சம் நீளமா இருக்கும்" என்றார். அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு ஆடி மாதம் அந்தக் கொடி வந்தது. வந்தது என்றா சொல்வது, எப்போதோ மணலுக்கடியில் படுத்திருந்தது எழுந்தது என்றா சொல்வது, தெரியவில்லை. ஊருக்கு மேற்கே இருக்கிற மணல்மேட்டின் தோலைக் காற்று ஒரு வாரம் உரித்துப்போட்டது. உரித்த இடத்தில் நூல் நூலாக ஒரு கொடி ஓடிக் கிடந்தது. ஆடு மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது. பாதி திறந்த சிப்பி மாதிரி வெள்ளையாக அது பூத்ததால் சிப்பிக்கொடி என்று நாங்களே ஒரு பெயர் வைத்தோம். விடியும்போது பூக்கும், பத்து மணிவாக்கில் காற்று எழும்பியதும் சுருங்கிவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுசு.

அது பூத்த அன்றே வெளியூருக்குப் போனவர்களின் கால்கள் ஊருக்குள் வந்தன.

ஆள் வரவில்லை, கால் மட்டும்தான் வந்தது. அதாவது, தடம். கொடியின் பூவுக்கு அடியில் தொடங்கி, மேட்டிலிருந்து இறங்கி, பனங்காட்டைக் கடந்து, அவரவர் வீட்டுக்கு அவரவர் தடம். முதலில் பார்த்தது சந்தனமாரி அக்கா. அவள் புருஷன் பம்பாயில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்; பொழுது விடிந்து கதவைத் திறந்தவள் வாசலில் அவருடைய சப்பட்டைப் பாதத்தைப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார் போல என்று சந்தோஷத்தில் வீடு முழுக்கத் தேடி, கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டுக் கடைசியில் போன் போட்டிருக்கிறாள். "நான் இங்ஙன அரிசி மூட்டைய எறக்கிக்கிட்டு இருக்கேன், நீ என்னட்டி வெள்ளனயே பெனாத்துத" என்று அவர் கேட்டிருக்கிறார். "எறக்கும், எறக்கும். உம்ம காலு வந்துட்டு, நீரு மெதுவா வாரும்" என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. விடிவதற்கு முன்னால் வாசல் தெளிக்கிற பழக்கத்தை எல்லோரும் விட்டோம். வந்த காலை விளக்குமாற்றால் தள்ளலாமா, பாவம், எவ்வளவு தூரம் நடந்து வந்தது. காற்று எழும்பி மணலைச் சமமாக்கும் வரைக்கும் முற்றத்தை மிதிக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று வந்தது. சிலர் தடத்துக்குப் பக்கத்தில் காப்பி வைத்தார்கள். சிலர் தடத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொண்டார்கள், நேரில் வருகிறபோது திட்டுவதற்கு மனசு வராது என்பதால். சூரத்தில் இருக்கிற லிங்கத்துரையின் தடம் அவன் பெண்டாட்டி வீட்டுக்கு வராமல் தெற்குத் தெருவில் ஒரு வீட்டுப் பின்வாசலில் போய் நின்றது. அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, ஊரே சொல்லி முடித்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் தடம் மட்டும் தினமும் முதலில் டீக்கடைக்குப் போய், அங்கே பெஞ்சுக்கடியில் சாவகாசமாகக் காலாட்டிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்தது. மனுஷன் கண்காணாத ஊரில் இருந்தாலும் புத்தி அதுதான். ஆனாலும் அது வந்து வாசலில் நின்றுவிட்டால் நான் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்ப்பேன்.

கொடியை மாடன் கோயிலில் சேர்ப்பதா மாதா கோயிலில் சேர்ப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. செத்தவர்கள் கால் எதுவும் வராததால் சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உயிரோடு இருந்து வீட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் கால்தான் வருகிறது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஏன் வருகிறது என்று அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. வந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது சுயம்பு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தனமாரி அக்காவின் கொழுந்தன். ஊரின் கடைசி வீடு அவருடையது; அதற்கு மேற்கே மணல்மேடும் வானமும்தான். ஊரெல்லாம் பனங்காட்டுக்குக் கிழக்கே ஒதுங்கிக்கொண்டபோது அவருடைய அப்பா மட்டும் வீம்புக்கு அங்கே வீடு கட்டினார். வீட்டோடு வீம்பும் மகனுக்கு வந்து சேர்ந்தது. ஆடிக்காற்றில் மணல் ஜன்னல் வரைக்கும் ஏறும். அண்ணன் மேட்டின் உச்சியில் கருக்குமட்டையும் ஓலையும் வைத்து நீளமாக ஒரு வேலி கட்டி வைத்திருந்தார். அதையும் தாண்டி வருகிற மணலை விடியுமுன் எழுந்து ஓலைக் கடவப்பெட்டியில் அள்ளி அள்ளி வெளியே கொட்டுவார். பார்க்கிறவர்களுக்கே இடுப்பு வலிக்கும்.

அவர் மனைவி பட்டுக்கனி. பெண் பார்க்கப் போன அன்று, எல்லோரும் வீட்டுக்குள் பலகாரம் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் வெளியே வந்து அவள் நடந்த தடத்தின் முன்னால் குத்தவைத்து, காற்று அதை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பூனை நடந்த மாதிரி பூப்போன்ற தடம். அப்படிப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவளை அந்த வீட்டில் மணலோடு மணலாக வைத்தார். உலையில் மணல், பாயில் மணல், தலைவாரினால் சீப்பில் மணல். கிழக்கே நாலு ஓலையில் ஒரு குச்சில் போட்டாவது இருப்போம் என்று அவள் கேட்காத நாள் கிடையாது. கடைசியாக ஒரு சாயங்காலம், "மணல அள்ளுத நேரத்துல என்னையும் ஒருநாள் திரும்பிப் பாருங்களேன்" என்றிருக்கிறாள். அண்ணன் நிமிராமலே, "நீ எங்கட்டி ஓடிரப்போற, மணல்லா ஓடிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த வாரமே அவள் காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். எட்டு வருஷம் ஆகிறது.

தேடிப் போக வேண்டியதுதானே என்று கேட்டால் ஒரே பதில்தான். "பம்பாய்க்குத்தான் போயிருப்பா. அம்மாம் பெரிய ஊர்ல எங்கன போய்த் தேட? வீட்ட ரெண்டு நாளு விட்டா மூடிரும். அவ திரும்பி வந்தாலும் இங்கதான வரணும், வீடு இருக்கணும்லா?" சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியைத் தூக்குவார்.

கொடி பூத்த அந்த ஆடியில், ஊரில் எல்லோர் வீட்டுக்கும் கால் வர, சுயம்பு அண்ணன் வாசல் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. நாங்கள் பரிதாபப்பட்டோம். உண்மையிலேயே அதைத் துடைத்துத்தான் விட்டிருக்கிறார் என்பது சந்தனமாரி அக்கா ஒருநாள் முந்தி எழுந்து போனபோதுதான் தெரிந்தது. பட்டுக்கனியின் கால் முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கொடியிலிருந்து நேராக இறங்கி, வீட்டைச் சுற்றியிருந்த ஓலைப்படல் வரைக்கும் வந்து, வெளியிலேயே நின்றது. இரண்டு காலும் சேர்ந்தாற்போல, விரல்கள் வீட்டைப் பார்த்தபடி. மற்ற கால்கள் எல்லாம் உரிமையோடு வாசற்படி ஏற, இது மட்டும் கடன் கேட்க வந்ததுபோலத் தயங்கி நின்றது. அண்ணன் அதற்கு எதிரே குத்தவைத்து வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, தெருவில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் துண்டால் மெதுவாகத் தடவிவிட்டார். அக்கா பனைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்து அழுதுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னாள். அதனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் கொடியின் மேல் ஊரில் எல்லோருக்கும் ஆசைதான் என்றாலும் அண்ணனுக்கு இருந்தது உயிர். அடுத்த வருஷம் காற்றுக்காலம் தொடங்குமுன் அவருக்குப் பயம் வந்துவிட்டது, மணல் கொடியை மூடிவிட்டால் என்ன செய்வது? எங்கள் ஊரில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால் அதைச் சுற்றி ஓலைப்படல் கட்டுவோம். தென்னங்கன்றோ, கிணறோ, கோழிக்கூடோ, எதுவானாலும் மணல் அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் நாங்கள் காட்டுகிற பிரியம். அண்ணன் தன் பெரிய வேலியை இன்னும் நீட்டி, இன்னும் உயர்த்தி, கொடியைச் சுற்றியும் தனியாக ஒரு படல் கட்டினார். ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே எறும்பு நுழையாது, அப்படி ஒரு கட்டு. நாங்களும் சும்மா இருக்கவில்லை. முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம், எருப்போட்டோம். கொடி பச்சைப் பசேல் என்று கொழுத்தது. இலை உள்ளங்கை அகலம் வந்தது. பூ மட்டும் பூக்கவில்லை.

அந்த ஆடியில் ஒரு காலும் வரவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை. விடிகாலையில் எழுந்து, தெளிக்காத முற்றத்தைப் பார்த்து, ஒன்றும் இல்லாத மணலில் நின்றுகொண்டிருந்தோம். முன்பும் அவர்கள் இல்லாமல்தான் இருந்தோம், ஆனால் இப்போது இல்லாதது வேறு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் டீக்கடைக்காவது வந்துவிட்டுப் போகக் கூடாதா என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் எஸ்தர் டீச்சர் வந்தார். கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். யாரோ போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் இத்தனை தூரம் வந்திருந்தார். கொடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். பழைய காகிதத்தில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு துண்டைத் தவிர இதை அவர் பார்த்ததே இல்லையாம். தேரி தேரியாக வருஷக்கணக்கில் தேடிவிட்டு, அழிந்துபோயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாராம். அவர் நின்ற தடத்தைப் பிறகு பார்த்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுடையது மாதிரி முன்பாதம் மட்டும் அழுந்தியிருந்தது.

"தண்ணி ஏதும் ஊத்துறீங்களாக்கா?" என்று கேட்டார்.

"தெனமும் ரெண்டு கொடம்" என்றேன் நான், பெருமையாக.

அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். இந்தக் கொடிக்குத் தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், மணல்தான் வேண்டும். அதுவும் ஓடுகிற மணல். மணல் வந்து கணுவை மூட வேண்டும், மூச்சுமுட்ட அது மேலே முண்டிக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் மொட்டு வைக்கும். தேரி முழுக்க முந்திரி காய்க்கிற கொல்லாமரமும் சவுக்கும் நட்டு மணலைக் கட்டிப்போட்டதால்தான் மற்ற இடங்களில் எல்லாம் இது செத்தது. "இப்படியே இருந்தா இன்னும் ரெண்டு வருசம் தாங்காது. இந்தச் சின்னப் படல எடுத்தா மட்டும் பத்தாதுக்கா. உச்சியில நிக்குதே, அந்தப் பெரிய வேலிய எடுக்கணும். அதுதான் மணலத் தடுக்குது." பிறகு சரிவில் கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அந்த வீட்ல யாரு இருக்காங்க?"

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். சுயம்பு அண்ணன் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். டீச்சருக்கு விளங்கிவிட்டது. வேறொன்றும் கேட்காமல், கிளம்பும்போது அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் உங்கள எதுவும் கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்களும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல், ஆளாளுக்கு அவர் வீட்டுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பினோம். மீன் வாங்கினால் அவருக்கு ஒரு துண்டு, பணியாரம் சுட்டால் அவருக்கு நாலு. அவர் வழியில் வந்தால் பேச்சை நிறுத்தினோம். ஊர் முழுக்க ஒரு ஆளைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் அந்த ஆள் எவ்வளவு நாள்தான் தாங்குவார்? கடைசியில் சந்தனமாரி அக்காதான் உடைத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் பெட்டியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்.

"சுயம்பு, அந்தப் பெட்டியக் கீழ வைய்யி. ஒண்ணு கேக்கேன். அவ காலு வந்துச்சே, அந்தக் குதிகால நீ பாத்தியா?"

அவர் இன்னொரு பெட்டி மணலை அள்ளினார்.

"குறுக்கயும் நெடுக்கயும் வெடிச்சுக் கெடந்துச்சுல்லா? பம்பாய்க்குப் போனவ காலா அது? நம்ம ஊர்ப் பொம்பளைய வருசா வருசம் தூத்துக்குடிக்கு உப்பு வாரப் போயிட்டு வாரோம். உப்பளத்துக் காலு நமக்குத் தெரியாதா?"

"தெரியும் மைனி."

"எப்பம் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

தூத்துக்குடி இங்கிருந்து ஒரு பஸ் தூரம். காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். "தெரிஞ்சுமா போகல?" என்று நான்தான் கேட்டேன், என் வாய் அப்படி.

"போயி என்னத்தச் சொல்ல, ஜெயக்கொடி?" அண்ணன் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "திரும்ப இந்த வீட்டுக்குத்தான கூப்பிடணும். இதுக்குள்ள இருக்க முடியாமத்தான அவ போனா. அவ படலுக்கு வெளியவே நிக்கிறதப் பாத்தேன்லா. எனக்கு வீட்டயும் விட முடியல, அவளயும் விட முடியல. அவ கால் மட்டும் வந்துக்கிட்டு இருந்தா இப்படியே காலத்த ஓட்டிரலாம்னு நெனச்சேன். அதையும் என் கையாலயே வேலி போட்டு அடைச்சிட்டேன்."

அப்போது அவர் அழுத அழுகையை நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். நாங்கள் இருவரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனி பிறந்ததும் அண்ணன் மேட்டுக்கு ஏறி, கொடியைச் சுற்றியிருந்த படலைப் பிரித்தார், பிறகு உச்சியில் இருந்த பெரிய வேலியைப் பிரித்தார். பிரிக்கும்போது ஊரில் எல்லோரும் போய் மட்டை பிடுங்கினோம், லிங்கத்துரை பெண்டாட்டி உள்பட. டீச்சரும் வந்து ஓலை சுமந்தார். வீட்டுச் சாமான்களை அக்கா வீட்டில் கொண்டுவந்து அடுக்கினோம். அதற்குப் பிறகு ஆடி வந்தது, ஆடியோடு காற்று வந்தது, காற்றோடு மணல் வந்தது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த மணல், வழி கிடைத்ததும் முதலில் படியை எடுத்துக்கொண்டு, பிறகு ஜன்னலை எடுத்துக்கொண்டு, பிறகு கதவின் மேல்நிலையை எடுத்துக்கொண்டு, ஓடுகளின் மேல் ஒரு கையகலம் ஏறி, அதற்குமேல் போகாமல் படுத்துக்கொண்டது. அண்ணன் பனங்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். கை பழக்கதோஷத்தில் அவ்வப்போது பெட்டியைத் தேடியது. எழுந்து போகவில்லை.

ஆவணி தொடக்கத்தில் சிப்பிக்கொடி பூத்தது. மேடு முழுக்க, புதைந்துபோன வீட்டின் மேலெல்லாம் ஓடி ஓடிப் பூத்தது. நம்பமாட்டீர்கள், எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு டீக்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தார். ஆனால் எங்கள் வாசலைப் பார்த்த கையோடு எல்லோரும் மேற்கே ஓடினோம். பட்டுக்கனியின் கால் வந்திருந்தது. படல் இருந்த இடத்தை அது தாண்டியிருந்தது. மணலில் ஏறி, வீட்டுக்கு மேலே போய், அடுக்களை இருந்த இடத்துக்கு மேல் ஒரு சுற்று, அறை இருந்த இடத்துக்கு மேல் ஒரு சுற்று, பிறகு ஓரிடத்தில் நின்று, அங்கேயே காலை மாற்றி மாற்றி வைத்து, எதையோ யாரையோ தேடியிருந்தது.

அண்ணன் இந்தத் தடவை துண்டை எடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் குத்தவைத்து, தடத்தின் ஆழத்தை விரலால் அளந்து பார்த்தார். "ரொம்ப எளச்சுப் போயிட்டா மைனி" என்றார். "நான் மண்ணுக்குள்ள போயிட்டேன்னு நெனைச்சிருப்பா." எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். சட்டையை மாற்றக்கூடப் போகவில்லை. காலை பஸ் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் ஏறினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை.

மறுநாள் விடியுமுன்னே நாங்கள் எல்லோரும் மேட்டில் நின்றோம். வெளிச்சம் வர வர, கொடியின் அடியிலிருந்து இரண்டு ஜோடித் தடம் புறப்பட்டிருந்தது தெரிந்தது. ஒன்று அண்ணனுடையது. மற்றது சொல்ல வேண்டியதில்லை. ஒட்டி ஒட்டி, சில இடத்தில் அவர் கால்மேல் அவள் கால் பட்டு, புதைந்த வீட்டின் மேல் ஏறி, ஓர் இடத்தில்கூட நிற்காமல் அந்தப் பக்கம் இறங்கி, பனங்காடு வழியாக ஊருக்குள் போயிருந்தன. நாங்கள் பின்னாலேயே போனோம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்றிருந்தார்கள். என் வாசலில் நின்றார்கள். டீக்கடையில் நின்றார்கள். கடைசியாகச் சந்தனமாரி அக்கா வாசலில் வந்து, அதற்கப்புறம் தடம் இல்லை. இரண்டு பேருடைய காலும் நன்றாக அழுந்தி, விரல்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தன.

வீட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் கால்தான் வரும் என்று எங்களுக்குத் தெரியும். தூத்துக்குடியில் ஒருவருக்கொருவர் கிடைத்துவிட்ட அந்த இரண்டு பேருக்கும் இனி இங்கே ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? நாளைக்கு வரமாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. நல்ல விஷயம்தான். இருந்தாலும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மேற்கே பனைகளுக்கு மேல் ஓலை அசையத் தொடங்கியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் காற்று ஊருக்குள் இறங்கிவிடும்.

"வாங்க, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள் சந்தனமாரி அக்கா, மணலைப் பார்த்து. "வாசல்லயே நின்னா எப்படி? காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போங்க." சொன்னவள் நிஜமாகவே உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது, இரண்டு தம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் தடத்தைச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து, நெருக்கமாக நின்றுகொண்டோம்.